மோன்ஜியா எழுதிய குறிப்பு

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில், என் அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் மோன்ஜியா இருபது வருட நர்ஸ். எங்கள் ஊரில் வயதான ஆண்கள் எல்லோரையுமே மரியாதைக்கு ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். அன்று காலை, "ஹாஜியாரே, கையை நீட்டுங்க" என்றார். பக்கத்துக் கட்டில்காரருக்குப் பதில் என் அப்பா நீட்டிவிட்டார். இன்சுலின் இறங்கிய பிறகுதான் ஆள் மாறிப்போனது மோன்ஜியாவுக்கு உறைத்தது.

உடனே அப்பாவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, டாக்டரை அழைத்தார். அப்பா தப்பித்தார்.

"எழுதாதீங்க அக்கா. லைசென்ஸ் போயிடும். யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் உடன் வேலை செய்யும் சிஹேம்.

"சாயங்காலம் இவர் மயங்கிட்டா, வர்ற டாக்டர் எதைப் பார்த்து வைத்தியம் பண்ணுவார்? உன் மூஞ்சியையா?" என்றார் மோன்ஜியா.

நடந்ததை அப்படியே அப்பாவின் சிகிச்சைக் குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டார். என்னிடமும் வந்து சொன்னார். விசாரணையில் மூன்று மாதம் பணி இடைநீக்கம். மறைக்காததால் லைசென்ஸ் மட்டும் தப்பியது. எந்த ஊரிலும் நான் இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

போன வாரம் அப்பாவை மறுபடி அங்கே சேர்த்தோம். ஊசியுடன் மோன்ஜியா வந்தார்.

"உங்க பேரு?"

"என்னைத் தெரியலையா மகளே? நீ தப்பா குத்தின ஆளு."

"நல்லாத் தெரியும். பேரைச் சொல்லுங்க, உங்க அப்பா பேரையும் சொல்லுங்க."

அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பாவின் மணிக்கட்டில் கட்டியிருந்த பெயர்ப் பட்டையில் சரிபார்த்த பிறகே மோன்ஜியா ஊசியின் மூடியைக் கழற்றினார்.