அளவுச் சட்டை

யதுர்ஷாவின் உடம்பைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத தமிழர் ஒருவர் ஒஸ்லோவில் இருந்தால், அவர் இன்னும் அவளைக் கண்டிருக்க மாட்டார். பிறந்தநாள், சாமத்தியவீடு, கோவில் திருவிழா என்று எங்கே போனாலும் யாராவது ஒரு மாமி அவளுடைய தட்டில் இன்னொரு ரோல்சை வைத்து, "சாப்பிடு பிள்ளை, என்ன வெக்கம்?" என்பார். அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பியதும் அதே மாமி பக்கத்துக் கதிரையில் இருப்பவரிடம், "உந்தப் பிள்ளை வாயைக் கொஞ்சம் கட்டினா நல்ல இடத்திலை குடுக்கலாம்" என்பார். திணிப்பதும் இவர்கள்தான், தூற்றுவதும் இவர்கள்தான். இரண்டையும் ஒரே வாயால் செய்வதில் ஒருவருக்கும் கூச்சமில்லை.

அவளுக்கு வயது முப்பத்திரண்டு. ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறாள். தகப்பன் மகேசன் நாட்டின் வடக்கே பாட்ஸ்பியோர்ட் என்ற ஊரின் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிவிட்டுத் தெற்கே வந்தவர். அவள் ஒஸ்லோவின் ஓரத்தில் ரொம்மனில் பிறந்து வளர்ந்து, ரொம்மனிலேயே சொந்தமாக ஒரு சின்ன வீடும் வாங்கிவிட்டாள். வழுக்கும் பனியில், ஆட்கள் நிறைந்த நீளப் பேருந்தை மேட்டில் ஏற்றுகிறவள். அந்த நேரத்தில் அவளுடைய இடுப்பைப் பற்றி எந்தப் பயணியும் கவலைப்பட்டதில்லை. கூட வேலைசெய்யும் நோர்வேக்காரர் தமிழரைப்போல வாய்விட்டுச் சொல்கிறவர்கள் அல்லர், அவர்கள் நாகரிகமானவர்கள். அவள் மதியம் இலைகுழைகளைச் சாப்பிட்டால் மட்டும், "எவ்வளவு கெட்டிக்காரி!" என்று குழந்தையைப் புகழ்வதுபோலப் புகழ்வார்கள்.

காதல் என்று வந்தவர்களில் முதல் ஆள் ஹோக்கோன் என்ற நோர்வேக்காரன். இரண்டாவது சந்திப்பிலேயே, தனக்குப் பருத்த பெண்களைத்தான் பிடிக்கும் என்று பெருமையாகச் சொன்னான். அவள் என்ன வேலை செய்கிறாள் என்பதை அவன் மூன்றுமுறை கேட்டு மூன்றுமுறையும் மறந்தான். இறைச்சிக்கடையில் தொங்குவதுபோல இருந்தது அவளுக்கு. நாலாவது சந்திப்புக்கு அவள் போகவில்லை.

பிறகு ரிஷிகேசன் வந்தான். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் தாயோடு இருப்பவன், கணினி நிறுவனமொன்றில் பெரிய வேலை. ஒரு மாசிக் காலையில் அவனுடைய கார் உறைந்துபோக, அவளுடைய பேருந்தில் ஏறினான். தமிழ்ப் பெண் ஓட்டுவதைக் கண்டு முன்னால் வந்து நின்று கடைசித் தரிப்பிடம் வரை கதைத்தான். கார் திருத்தியான பிறகும் அதே பேருந்தில் வந்துகொண்டிருந்தான். அவளைச் சிரிக்க வைத்தான். அவள் சொன்னதையெல்லாம் நினைவில் வைத்திருந்தான். அவள் அவனை உண்மையாகவே விரும்பினாள், அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பேருந்தில் வேறு தமிழர் ஏறுவது குறைவு என்பதை மட்டும் அவள் அப்போது யோசிக்கவில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ரொம்மன் வீட்டுக் கதவு மூடியிருந்தால் ரிஷி நல்ல காதலன். அவள் வைத்த நண்டுக்கறியைப் புட்டோடு குழைத்து அடித்துவிட்டு, அவள் மடியிலேயே தலைவைத்து நித்திரையாகிவிடுவான். கதவு திறந்தால் ஆள் வேறு. கொண்டாட்ட மண்டபத்துக்குப் போனால், "நீர் உள்ளுக்குப் போம், நான் காரை விட்டிட்டு வாறன்" என்பான். கார் ஏற்கெனவே நிறுத்தியாயிற்று. குழுப்படம் எடுக்கும்போது, அவளைக் கதிரைகளுக்குப் பின்னால் நிற்கச் சொல்வான். இத்தனைக்கும் அவளுடைய சமையலில் அவனுக்கும் வயிறு வைத்திருந்தது. அதைக் கண்ட மாமிமார், "மாப்பிள்ளைக் களை வந்திட்டுது" என்று பூரித்துப்போனார்கள்.

யதுர்ஷா முட்டாள் அல்ல, எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவள் ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். 'இப்படியே உன்னைப் பிடித்திருக்கிறது' என்று அவன் ஒருதரம் சொன்னால் போதும், மற்றதையெல்லாம் மறந்துவிடலாம் என்று நினைத்தாள். கலியாணம் பேசி ஆவணிக்கு நாள் வைத்தபோது, அந்தச் சொல் இனி வந்துவிடும் என்றே நம்பினாள்.

சொல் வரவில்லை, தராசு வந்தது. அவளுடைய பிறந்தநாளுக்கு அவன் கொடுத்த பரிசு அது. கண்ணாடிப் பலகையில் ஏறி நின்றால், நிறை அவனுடைய கைபேசிக்குப் போய்ச் சேரும். காதலிக்கு ஒருவன் கொடுக்கிற பரிசா இது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, ஏறி நின்றாள். சோற்றை விட்டாள், இரவுச் சாப்பாட்டை விட்டாள். ஒருநாள் பசி தாங்காமல் பேருந்தை ஓரமாக நிறுத்திவிட்டு, பயணிகள் பார்த்திருக்க வாழைப்பழம் ஒன்றை உரித்துத் தின்றாள். இவ்வளவுக்கும் கொஞ்சம்தான் குறைந்தது. "நல்லது, ஆனா வேகம் காணாது" என்று செய்தி அனுப்பினான் அந்த மகாராசன்.

கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டின் பொறுப்பு. கலியாணத்தன்று மணவறையில் அதை வாங்கிக்கொண்டு பெண் உள்ளே போய், உடுத்து வந்து இருந்தால்தான் தாலி ஏறும். கூறைக்கான சட்டையையும் தாங்களே யாழ்ப்பாணத்தில் தைப்பிப்பதாக ரிஷியின் தாய் இராசமணி சொல்லியிருந்தார். யதுர்ஷா தனக்கு அளவான சட்டையொன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். பங்குனியில், ஊரிலிருந்து வந்த யாரோ ஒருவரின் பெட்டியில் சேலையும் தைத்த சட்டையும் அவள் கொடுத்த அளவுச் சட்டையும் வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை லோறென்ஸ்கூக்குக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"வா பிள்ளை, போட்டுப் பாப்பம்" என்று இராசமணி அவளை அறைக்குள் கூட்டிப்போனார். சட்டை மேற்கையிலேயே இறுகி நின்றது. இராசமணி இழுத்தார், முக்கினார், "மூச்சை உள்ளுக்கை எடு" என்றார். கொக்கிகளுக்கு நடுவில் ஒரு கை அகலத்துக்கு வெளி. யதுர்ஷாவுக்கு முகமெல்லாம் சுட்டது. சட்டையைக் கழற்றி, தன் உடுப்பைப் போட்டுக்கொண்டு, புதுச் சட்டையை உட்புறமாகத் திருப்பிப் பார்த்தாள். எந்தத் தையற்காரியும் பிறகு பிரித்து இளக்குவதற்காக உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பாள். இதில் தையலோடு ஒட்ட வெட்டியிருந்தது.

"மாமி, உள்ளுக்கை துணி விடேல்லையே. தைச்சவ மறந்திட்டாவோ?"

"அவ ஏன் மறக்கிறா? நாங்கள்தான் விடவேண்டாம் எண்டனாங்கள்" என்றார் இராசமணி, சட்டையை ஆசையோடு தடவிக்கொண்டு. "அளவையும் குறைக்கச் சொன்னது ரிஷிதான். 'துணி விட்டா அவள் பிரிச்சு இளக்கிப் போடுவாள், பிறகு மெலிய மாட்டாள் அம்மா' எண்டான். என்ர பிள்ளையின்ர மூளையைப் பாத்தியே!"

அந்த மூளை அடுத்த அறையில் சோபாவில் சாய்ந்திருந்தது. தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டி. வயிற்றின் மேல் வடைத் தட்டை வைத்துக்கொண்டு, பின்தங்கி வந்த வீரனை, "உவனுக்கு மூச்சுக் காணாது" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தான். இந்த வயிற்றுக்குக் கலியாணத்தன்று ஒரு வேட்டி. வேட்டிக்கு அளவுமில்லை, கொக்கியுமில்லை, எந்த வயிற்றையும் அது சுற்றிக்கொள்ளும்.

"துணி விடவேண்டாம் எண்டு நீரோ சொன்னீர்?" என்று யதுர்ஷா சட்டையும் கையுமாக அவன் முன்னால் வந்து கேட்டாள்.

"ஓம். ஒரு மோட்டிவசூன்தான், மெலிய ஒரு ஊக்கம். கோவிக்காதையும், உம்மட சுகத்துக்குத்தானே."

"சுகத்தைப் பாக்க எனக்கு டொக்டர் இருக்கிறார். நான் கேக்கிறது வேற. நான் மெலியேல்லை எண்டு வைப்பம். இதே உடம்போடை மணவறையிலை வந்து இருந்தா உமக்குச் சந்தோசமோ?"

"ஏன் இப்ப உப்பிடிக் கேக்கிறீர்? குறைக்கலாம்தானே."

"ஓம் எண்டாவது சொல்லும், இல்லையெண்டாவது சொல்லும்."

ரிஷி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான். முகத்தில் ஒரு பெருந்தன்மை வந்து உட்கார்ந்தது. "நான் சொன்னா நம்புவீரோ? உம்மைப் பாக்கேக்கை எல்லாம், மெலிஞ்சா நீர் எவ்வளவு வடிவா இருப்பீர் எண்டுதான் நினைக்கிறனான். அதை நினைச்சுத்தானே இவ்வளவு காலமும் இருந்தனான்."

"என்ர வீட்டிலை என்ர மடியிலை படுத்திருக்கேக்கையுமோ?"

"எப்பவும்" என்றான், புகழ்ந்ததாக நினைத்துக்கொண்டு.

யதுர்ஷாவுக்குக் கோபத்துக்கு முன் அருவருப்புத்தான் வந்தது. இரண்டு வருடமாக அவளுடைய வீட்டில், அவளுடைய கட்டிலில், அவன் இன்னொருத்தியோடு இருந்திருக்கிறான். ஹோக்கோனுக்குத் தசை மட்டும் வேண்டியிருந்தது, இவனுக்குத் தசை போக மிச்சம் வேண்டியிருந்தது. யதுர்ஷா என்ற ஆளை இரண்டு பேரும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட ஒருவனின் ஒரு சொல்லுக்காகவா தான் பட்டினி கிடந்தாள் என்று நினைக்க, தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

சட்டையை மடித்து, வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சட்டை தைச்சாச்சு. இனி ஆளைத் தேடும்."

அவன் சிரித்தான், பகிடி என்று நினைத்து. அவள் அறை வாசலில் நின்ற இராசமணியிடம் திரும்பி, "நான் தந்த அளவுச் சட்டையைத் தாங்கோ மாமி, எனக்கு அது வேணும்" என்று கேட்டபோதுதான் சிரிப்பு நின்றது. "ஆக்களுக்கெல்லாம் சொல்லியாச்சு, மண்டபம் எடுத்தாச்சு" என்று எழும்பினான். சனம் என்ன சொல்லும் என்றான். அவளைப் பிடித்திருக்கிறது என்று மட்டும் அப்போதும் சொல்லவில்லை.

அவள் பேருந்தில் ரொம்மனுக்குத் திரும்பினாள். வீட்டில் நன்றாக அழுதாள். அவனுக்காகவும்தான் அழுதாள், மடியில் கிடந்த அந்தத் தலைக்காக. அழுது முடித்து, அரிசி கழுவி உலையில் போட்டபோது தொலைபேசி அடித்தது. இராசமணி.

"என்ர பிள்ளை பாவமெண்டு உன்னை எடுக்க வந்தவன். உந்த உடம்புக்கு இவ்வளவு ரோசமோ உனக்கு?"

"ஓம் மாமி" என்றாள் யதுர்ஷா. "உடம்புக்கு ஏத்த ரோசம்."