வரி உடையும் இடம்

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தாளர். பதினெட்டு வருடமாக அதே கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் நின்று, மருந்துப் பாட்டில்களில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பவள். கணினிப் பக்கம் அவள் வந்ததே ஒரு ஸ்டிக்கரால்தான்.

ஒருநாள் ஸ்டிக்கரில் ‘உணவுக்கு முன்’ என்பதற்கு இடம் போதவில்லை. இயந்திரம் ‘மு’ வரை ஒரு வரியிலும் ‘ன்’ என்பதை அடுத்த வரியிலும் அச்சடித்துவிட்டது. வாங்கிய பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மு-ன்னா மூணு வேளையாம்மா?” என்று கேட்டார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அப்போதுதான் தமிழ் வரிகளைச் சரியான இடத்தில் உடைக்கும் ஒரு நிரலை நாலைந்து பேர் சேர்ந்து எழுதிவருவது தெரிந்தது. மூலம் எல்லோருக்கும் பொது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தியும் அனுப்பலாம். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது, கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரியக் கூடாது என்று அதில் விதிகள் இருந்தன. அவள் முதலில் புகார் எழுதினாள். பிறகு நிரல் எழுதக் கற்றுக்கொண்டு திருத்தம் அனுப்பினாள். ஆரம்பித்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்கு நகர்ந்தபோது, வருகிற திருத்தங்களைப் பார்த்துப் பொதுப் பிரதியில் சேர்க்கும் பொறுப்பு அவள் தலையில் வந்து விழுந்தது.

அவசரப்பட்டு எதையும் சேர்க்கமாட்டாள். “இதுக்கு ஒரு சோதனை எழுதிட்டீங்களா?” என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. ஒரு புகார் வந்தால் ஒரு சோதனை. நிரலை ஓட்டும்போது அதே தவறு திரும்பி வந்தால் திரையில் சிவப்பு விழும், வராவிட்டால் பச்சை. இப்படியே சோதனைகள் நானூற்றுப் பன்னிரண்டு ஆகியிருந்தன. குழுவில் அவளுக்கு ‘ஸ்பீடுபிரேக்கர்’ என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவருக்கு இது தெரிந்தபோது வயிறு வலிக்கச் சிரித்தார். “வீட்டுக்குள்ள மட்டும்தான் இந்தப் பேருன்னு நெனச்சேன்.”

போன வருடம் புதிதாக ஒருவர் வந்தார். படங்களுக்கு சப்டைட்டில் போடுபவர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர், கெட்டிக்காரர். நிரல் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று மொத்தத்தையும் பிரித்துப்போட்டுப் புதிதாக எழுதி, ஒரே திருத்தமாக அனுப்பிவிட்டார். ஆறு மடங்கு வேகம். நானூற்றுப் பன்னிரண்டு சோதனையும் பச்சை. குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் மட்டும் சேர்க்கவில்லை. ஒரு வாரம் போனது. சப்டைட்டில்காரர் போன் செய்தார்.

“மேடம், எல்லாம் பச்சைதானே? இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?”

“தப்புன்னு சொல்லல சார். மூவாயிரம் வரி. படிச்சுப் பாத்தும் எனக்குப் பிடிபடல. நம்ம நிரலை எங்கெங்கயோ வச்சிருக்காங்க. ஒரு வாரம் குடுங்க.”

“நீங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பென்ஷன் வந்துடும்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. காரணம் சொல்லத் தெரியாமல் ஒருவருடைய மூன்று மாத உழைப்பைத் தடுத்து வைத்திருந்தாள். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரியின் பழைய ஸ்டிக்கர் வாசகங்கள் ஆயிரத்து எண்ணூறை, நோயாளிகளின் பெயர் எதுவும் இல்லாமல், இரண்டு நிரல்களிலும் ஓட்டினாள். நாற்பத்து மூன்று மட்டும் வேறுபட்டன. அவற்றை அச்சடித்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். பள்ளி ஆசிரியையான நாத்தனார் விடைத்தாள் கட்டை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“குடுங்க அண்ணி, நான் படிக்கிறேன். நீங்க பழசைப் பாருங்க.”

ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்தி, வகுப்பில் படிப்பது போலவே சத்தமாகப் படித்தாள். பெரும்பாலானவை புதியதில்தான் அழகாக உடைந்திருந்தன. முப்பதைத் தாண்டியிருப்பார்கள்.

“குழந்தைக்கு, காலையில், ரெண்டு.” நிறுத்தினாள். “அஞ்சு மி.லி., உணவுக்குப் பின்.”

“என்னது? மறுபடி படி.”

“ரெண்டு. அடுத்த வரியில அஞ்சு மி.லி.” நாத்தனாரே தாளை உற்றுப் பார்த்தாள். “ஐயோ அண்ணி! இது ரெண்டரை இல்ல?”

2.5 என்பது புள்ளியில் உடைந்திருந்தது. பழைய நிரலுக்கு எண்களை உடைக்கவே தெரியாது. புதியதோ, புள்ளியைக் கண்டதும் வாக்கியம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது. நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகளில் ஒன்றில்கூடத் தசம எண் கிடையாது. இத்தனை வருடமும் சரியாக வந்ததால் யாருக்கும் அது தோன்றவே இல்லை.

அவள் குழுவில் எழுதும் முன் சப்டைட்டில்காரருக்கு போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

“தப்பு உங்களோடது இல்ல சார். இந்தச் சோதனையை எழுதாம விட்டது நான்தான். அதை இப்பவே எழுதிட்டேன். உங்க வேகம் நமக்கு வேணும். பிரிச்சுப் பிரிச்சு அனுப்புங்க, ஒவ்வொண்ணாச் சேத்துடலாம்.”

“சப்டைட்டில்ல வரி தப்பா உடைஞ்சா நாலு பேர் சிரிப்பாங்க, அவ்வளவுதான்” என்றார் அவர் மெதுவாக. “ஒரு குழந்தைக்கு அஞ்சு மி.லி. போயிருக்கும்னு நான் யோசிக்கவே இல்லம்மா.”

‘மேடம்’ போய் ‘அம்மா’ வந்ததை அவள் கவனித்தாள்.

ஒரே திருத்தம் பதினான்கு துண்டுகளாக வந்தது. இரண்டு மாதம் பிடித்தது. ஒவ்வொரு துண்டோடும் அவரே சோதனைகள் எழுதினார். பழைய முறையும் ஒரு வருடம் கூடவே இருக்கும், மாற விரும்புகிறவர்கள் அவரவர் வசதிப்படி மாறலாம் என்று அறிவித்து வெளியிட்டார்கள். மறுநாள் அவள் மூன்று முறை புகார்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. வார இறுதியில் ஒரே ஒரு கடிதம், ஒரு பார்சல் அலுவலகத்திலிருந்து. எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று கேட்டிருந்தார்கள். அதற்கும் இந்த நிரலுக்கும் சம்பந்தமே இல்லை. சந்தோஷத்தில் அவள் அதற்கும் விவரமாகப் பதில் எழுதினாள்.

இப்போது சேர்க்கும் பொறுப்பு இருவருக்கும். ஒருவர் எழுதியதை மற்றவர்தான் பார்க்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறார்கள். போன மாதம் அவள் ஒரு திருத்தம் அனுப்பினாள். வெறும் மூன்று வரி. அரை மணியில் திரும்பி வந்தது.

‘நல்லா இருக்கும்மா. சோதனை எங்க?’

அவள் மறந்தே போயிருந்தாள். பதில் எழுதப் போனபோது கணவர் வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு கூப்பிட்டார். ஞாயிறு காலைகளில் இருவரும் நீச்சல் கற்கப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

“ஏதும் அவசர வேலையா?”

“இல்ல. அது அவர்கிட்ட பத்திரமா இருக்கு” என்று சொல்லி, துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.