அப்பா போட்ட அப்ளிகேஷன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டு டைனிங் டேபிளில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே லுங்கி. மேஜைக்கு மேலே தெரிந்தால் போதாதா?

என் மகள் காவ்யாவுக்கு மெடிக்கல் ஸ்கூல் இன்டர்வியூ வந்திருந்தது. ஒத்திகைக்கு நான்தான் அதிகாரி. மனைவி சுமதி எதிரே சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். இந்த நாட்டில் டிகிரி முடித்த பிறகுதான் மெடிக்கல் சேர முடியும். காவ்யா இரண்டு வருடம் முன்பே, காலேஜ் முடிக்கும்போதே அப்ளை பண்ணினாள். பண்ணினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலேஜ் பட்டியல் போட்ட எக்ஸெல் ஷீட் என்னுடையது. பாஸ்வேர்டு என்னிடம். ஏன் டாக்டராக ஆசை என்று அப்ளிகேஷனில் எழுத வேண்டிய கட்டுரையில், ஐந்து வயதில் பொம்மை ஸ்டெதஸ்கோப்பை வைத்துத் தாத்தாவின் இதயத்தைக் கேட்டதாக உருக்கமாக ஒரு பத்தி — அதுவும் என் கைவண்ணம். ஐந்து வயதில் அவள் கேட்டது ஐஸ்கிரீம் மட்டும்தான்.

எல்லா இடத்திலிருந்தும் பதில் வந்தது. மிகுந்த பண்போடு வேண்டாம் என்றார்கள்.

எனக்குள் நிறைவேறாத டாக்டர் கனவு இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அப்படிச் சொன்னால் கதைக்கு அழகு. உண்மை வேறு. ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் மெடிக்கல் போனார்கள்... அவ்வளவுதான் காரணம்.

அப்புறம் ஒருநாள் காவ்யா சொன்னாள்: "அப்பா, ஐ வான்ட் டு டூ எ மாஸ்டர்ஸ் ஃபர்ஸ்ட். பிசியாலஜி. ஒன் இயர்."

"மாஸ்டர்ஸ் முடிச்சா வேலைக்குப் போவாங்க. நீ அதுக்கப்புறம் மறுபடியும் முதல்லேர்ந்து மெடிக்கலா? அதுக்கு இப்பவே திரும்ப அப்ளை பண்ணலாமே."

"நோ, அப்பா."

அவள் சேர்ந்துவிட்டாள். கோயிலில் யாராவது விசாரித்தால், "ரிசர்ச் பண்றா" என்று சொல்லிவிட்டு நான் பிரசாத வரிசைக்கு நகர்ந்துவிடுவேன்.

ஒரு வருடம் முடிந்தது. மறுபடி அப்ளை பண்ணினாள். இந்த முறை பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. இன்டர்வியூ வந்ததும் ஒத்திகை பார்க்கலாம் என்று நான்தான் கெஞ்சி இடம் பிடித்தேன். கேள்வியோடு பதிலையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டேன். "டாக்டராகணும்னு ஆசைப்படற நீ, நடுவுல எதுக்கு மாஸ்டர்ஸ் பண்ணின?"

படிப்பின் அடித்தளத்தை வலுப்படுத்த, என்று தாளில் இருந்தது. அவள் தாளைத் திருப்பி வைத்தாள்.

"முதல் தடவ அப்ளை பண்ணது நான் இல்ல. எங்கப்பா."

வீட்டில் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் பதில் சொல்பவள், இதைத் தமிழில் சொன்னாள். சுமதியின் கத்தி நின்றது.

"எனக்கு இது வேணுமான்னு அப்ப எனக்கே தெரியல. ஸோ ஐ டுக் எ இயர் டு ஃபைண்ட் அவுட். ஒரு செமஸ்டர் ஃபுல்லா கிட்னி பத்திப் படிச்சேன். யாரும் படின்னு சொல்லல. லைப்ரரிய மூடறாங்கன்னு சொல்ற வரைக்கும் உக்காந்திருப்பேன். அப்பதான் தெரிஞ்சுது, வேணும்னு."

நான் தாளைப் பார்த்தேன். இன்னும் பதினாலு கேள்விகள் இருந்தன. ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அடுத்த கேள்வி கேளுங்க, சார்," என்றாள் சுமதி.

எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. "இத அங்கயும் சொல்லப் போறியாம்மா?"

"கொஞ்சம் பாலிஷ் பண்ணி."

"என் பேரச் சொல்லிடாத."

அவள் சிரித்துவிட்டாள். எழுந்து வந்து என் டையை நேராக்கினாள். எனக்கு மட்டும் கண் கலங்கியிருந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட்டேன். நல்லவேளை, அது கைவசம் இருந்தது.

இன்டர்வியூவுக்கு அவளே டிரைவ் பண்ணிப் போனாள். நான் வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். திரும்பி வந்ததும், "அந்தக் கேள்வி வந்துதா?" என்றேன். "வந்துது" என்றாள். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டேன். சுலபம் இல்லை.

போன வாரம் தோசை சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்த்தவள், தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "அம்மா, ஐ காட் இன்," என்றாள். முதலில் அம்மாவிடம்தான். எனக்கு அது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்ட செய்தி.

நேற்று மளிகைக் கடையில் தெரிந்தவர் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பொண்ணுக்கு மெடிக்கல் சீட் வாங்கிட்டீங்களாமே?"

"நான் வாங்கல சார். அவ வாங்கினா. ஒரு வருஷம் மாஸ்டர்ஸ் பண்ணிட்டு வாங்கினா," என்றேன்.

இதைச் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கும் அந்த ஒரு வருடப் படிப்பு தேவைப்பட்டிருக்கிறது. படித்தது என்னவோ அவள்தான்.