கழுவாமல் விட்ட பேனல்

எங்கள் குடியிருப்பில் பெரியம்மாவுக்கு ஏணிக்காரி என்று பெயர். அலுமினிய ஏணி, சுருட்டிய தண்ணீர்க் குழாய், முனையில் ஸ்பாஞ்சு கட்டிய நீளக் கம்பு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். காலை ஆறு மணிக்குத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் எங்கே இருக்கிறாள் என்று யாரையும் கேட்க வேண்டாம். எந்தச் சுவரில் கறுப்புத் தண்ணீர் வழிகிறது என்று பார்த்தால் போதும். சோலார் பேனல்களைக் கழுவுவது அவள் வேலை. அதற்கு முன் இருபது வருஷம் மின் நிலையத்தின் கேன்டீனில் பாத்திரம் கழுவினாள்.

"அதே வேலைதான், கொஞ்சம் உசரத்துல" என்பாள்.

மின் நிலையம் நிலக்கரியில் ஓடுவது. இரண்டு புகைபோக்கிகள். வருஷத்தில் ஒன்பது மாதம் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். மேற்கே அதிகாரிகளின் பங்களாக்கள், கிழக்கே தொழிலாளர் வரிசை வீடுகளும் கிளினிக்கும். மூன்று வருஷத்துக்கு முன் நிர்வாகம் சூரியனுக்கும் ஒரு கும்பிடு போட்டுவைத்தது. பெரிய இன்ஜினியரின் பங்களாக் கூரையில் பன்னிரண்டு பேனல்கள், கிளினிக் கூரையில் பன்னிரண்டு. ரிப்பன் வெட்டிய படம் இன்னும் கேன்டீன் சுவரில் இருக்கிறது. படத்தின் ஓரத்தில் ஏணியைப் பிடித்தபடி பெரியம்மாவின் பாதி முகம் தெரியும்.

அந்தப் படம் எடுப்பதற்கு ஒரு வருஷம் முன்புதான் பெரியப்பா இறந்தார். ஐம்பத்திரண்டு வயது. புகை மேலே போகுமுன் சாம்பலைப் பிடித்து நிறுத்தும் ஃபில்டர் அறையில் பதினெட்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். கடைசி வருஷத்தில் சட்டைப் பொத்தான் போடுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்து மூச்சு வாங்குவார். இறந்த பிறகு நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இறப்புக்குக் காரணம் புகைப்பழக்கம் என்று அதில் இருந்தது. கீழே பெரிய இன்ஜினியரின் பச்சை மைக் கையெழுத்து.

பெரியப்பா வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. பக்கத்தில் யாராவது பற்றவைத்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறவர்.

"செத்தவர் வாயில சிகரெட்டை வச்சிட்டான்டி. அந்தக் கையை உடைக்காம நான் கண்ணை மூட மாட்டேன்" என்றாள் பெரியம்மா. கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, அன்றாடம் மாற்றும் துணிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். மறந்துவிடக் கூடாது என்பதற்காக, தினமும் கை படும் இடத்தில்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். புள்ளியியல் படித்தேன். படிப்பு முடிந்து ஊர் வந்ததும், கற்றதை எதன் மீதாவது போட்டுப் பார்க்கும் ஆசையில், கிளினிக்கின் பதிவேட்டிலிருந்து பத்து வருஷத்து இறப்புகளை எடுத்து எழுதினேன். வரிசை வீடுகளில் சராசரி ஐம்பத்தேழு வயது. பங்களாக்களில் எழுபத்து மூன்று. கண்டுபிடித்துவிட்ட கர்வத்தோடு பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"அப்போ உங்க பெரியப்பாகிட்ட இருந்து அந்தாளு எத்தனை வருஷம் எடுத்தான்?"

"அப்படி ஒருத்தருக்குன்னு சொல்ல முடியாது பெரியம்மா. இது சராசரி."

"ஊருக்கே தெரியுது, என் புருஷனுக்கு மட்டும் தெரியல. நல்ல படிப்புடி."

அவள் கேலி செய்ததை விட என்னைக் குத்தியது வேறொன்று. ஏழைகள் எந்த ஊரிலும் சீக்கிரம்தான் சாகிறார்கள். சாப்பாடு, வேலை, வீடு, டாக்டரைப் பார்க்கப் போகும் தாமதம் என்று எத்தனையோ உண்டு. அந்தப் பதினாறு வருஷ இடைவெளியில் சாம்பலின் பங்கு எவ்வளவு என்று என் தாளில் இல்லை. பெரிய இன்ஜினியர் கேட்டால் 'சிகரெட், குடி' என்று இரண்டே வார்த்தையில் தட்டிவிடுவார். உண்மை வேண்டுமென்று கணக்கெடுக்கிறேனா, அல்லது பெரியம்மாவைப் போல ஒரு ஆளை அடிக்கக் கல் தேடுகிறேனா என்றும் எனக்குத் தெரியவில்லை.

பெரியம்மாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. அவளால் முடிந்த பழியை அவள் ஏற்கெனவே தொடங்கியிருந்தாள். பங்களாக் கூரையில் கடைசி மூலைப் பேனல் கீழிருந்து பார்த்தால் தெரியாது. அதை மட்டும் கழுவாமல் விட்டாள்.

"ஏம்மா, மேல எல்லாம் பளபளன்னு இருக்கா?" என்று பெரிய இன்ஜினியர் கீழிருந்து கேட்பார்.

"உங்க முகத்தையே பார்க்கலாம் சார்" என்பாள் மேலிருந்து.

"அவன் ஏசி அஞ்சு நிமிஷமாவது முக்கிட்டு ஓடட்டும்" என்பது அவள் திட்டம். ஒவ்வொரு பேனலும் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று சுவரில் ஒரு பெட்டி தனித்தனியாகக் காட்டும். அதைப் பார்த்து வேலை நோட்டில் எழுத வேண்டியது அவள் பொறுப்பு. மூலைப் பேனலின் எண் எப்போது விழும் என்று வாரா வாரம் ஆசையாகப் பார்த்தாள். விழவில்லை. ஏழு வாரத்துக்குப் பிறகும் மற்றப் பேனல்களை விட நூற்றுக்கு நான்கோ ஐந்தோதான் குறைவு.

ஒருநாள் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்தாள். "அந்தாளுக்கு எல்லாமே அமையுதுடி. அவன் பேனல் கூட அழுக்காக மாட்டேங்குது. கிளினிக்குல பாரு, கைப்பிடிச் சுவர் உடைஞ்ச மூலையில ஏணி வழுக்கி முட்டி போனதுல இருந்து நான் ஒரு பேனலைத் தொடவே இல்ல. அதே ஏழு வாரம்தான். பாதிக்குப் பாதி படுத்துடுச்சு."

நான் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

"அதையும் எழுதியிருக்கீங்களா?"

"எழுதாம? எழுதலைன்னா கேள்வி கேப்பானுங்களே."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரே கம்பெனியின் பேனல்கள். ஒரே நாளில் மாட்டியவை. ஒரே வெயில், ஒரே மழை. இரண்டுக்கும் நடுவே இரண்டு புகைபோக்கிகள் மட்டும். கல்லூரியில் மூன்று வருஷம் எனக்குச் சொல்லிக்கொடுத்த சோதனையை, இவள் ஒரு ஏசியைக் கெடுக்கப் போய் செய்து முடித்திருந்தாள்.

"ரெண்டையும் கழுவாதீங்க பெரியம்மா. ஒரு வருஷத்துக்குத் தொடாதீங்க."

"கழுவாம இருக்கச் சொல்ற முதல் மேஸ்திரி நீதான்" என்று சிரித்தாள்.

ஒரு வருஷமும் வாரா வாரம் எழுதினாள். மழை பெய்தால் எண் கொஞ்சம் ஏறும், பிறகு இறங்கும். ஆனால் கிளினிக் பேனலின் எண் சீராக இறங்கவில்லை. மூடுபனி வாரங்களில் மட்டும் தடாலென்று விழுந்தது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பெரியம்மாவைக் கேட்டேன். "நீதானே படிச்சவ" என்றாள். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த வருஷக் கடைசியில் பள்ளிக்கூட ஹாலில் பொது விசாரணை வந்தது. இரண்டு பழைய பாய்லர்களை மூடிவிட்டு, காலி நிலத்தில் சோலார் போடுவதா, இல்லை பாய்லர்களுக்கு இன்னும் பதினைந்து வருஷம் அனுமதி கொடுப்பதா என்பது கேள்வி. கேட்க வந்தவர் வெளியூர் அதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு அம்மா. பெரியம்மாவுக்கு வேண்டியது அனுமதி பற்றிய தீர்ப்பு அல்ல. அந்தக் கடிதத்தை எழுதியவர் அத்தனை பேர் முன்னால் வாயடைத்து நிற்க வேண்டும். அதற்காகத் தள்ளுவண்டியில் இரண்டு பேனல்களையும் போர்வை போர்த்திக் கொண்டுவந்தாள். பங்களாப் பேனலை "ரிப்பேர்" என்று சொல்லி, பெரிய இன்ஜினியரின் தோட்டக்காரரையே கீழே பிடிக்கச் சொல்லி இறக்கியிருந்தாள்.

பெரிய இன்ஜினியர் முதலில் பேசினார். அறுபத்து நான்கு வயது, பணி நீட்டிப்பில் இருந்தார், நாற்பது வயதுக்காரர் மாதிரி படியேறினார். "ஃபில்டர் இருபத்து நாலு மணி நேரமும் ஓடுது. ஒரு நிமிஷம் கூட நிறுத்தினதில்ல" என்றார்.

பெரியம்மா போர்வையை இழுத்தாள். ஒன்றில் வானம் தெரிந்தது. மற்றதில் விரலால் பெயர் எழுதலாம். நான் எண்களைப் படித்தேன்.

"இது ரோட்டுத் தூசிம்மா" என்றார் பெரிய இன்ஜினியர் அதிகாரியைப் பார்த்து. "இங்க ஆளுங்க சீக்கிரம் போறதுக்குக் காரணம் சிகரெட். நானே எத்தனையோ ஃபைல்ல எழுதியிருக்கேன்."

"சார்" என்றாள் பெரியம்மா, "பேனல் சிகரெட் குடிக்காது சார்."

ஹால் முழுக்கச் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. சாம்பலைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். "ஃபில்டர் ஓடியிருந்தா இவ்வளவு எப்படி வரும்?"

பெரிய இன்ஜினியர் வாயைத் திறக்குமுன் பெரியம்மா முந்திக்கொண்டாள். "ஐயோ, ஃபில்டரை யாரும் அணைக்க மாட்டாங்கம்மா. அந்த ரூம்ல என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷம் இருந்தார். ஒரு நாள், ஒரு நிமிஷம் அணைச்சிருக்க மாட்டார். அவர் கை அப்படிப்பட்ட கை இல்ல. அணைச்சார்னு யாராவது காட்டட்டும், இந்த ஊரை விட்டே போறேன்."

பெரியப்பாவை அவள் இப்படிப் புகழ்ந்து நான் கேட்டதே இல்லை. எதற்கு இப்போது என்று அவளைப் பார்த்தேன். அவள் பார்வை பெரிய இன்ஜினியரை விட்டு நகரவில்லை.

"காட்டவா?" என்றார் அவர். முகம் சிவந்திருந்தது. டிரைவரை அனுப்பினார். பத்து நிமிஷத்தில் நீல அட்டை போட்ட ரெஜிஸ்டர் வந்தது. "இந்தாங்க படிங்க. இன்ன தேதி, விடிகாலை நாலு மணி, ஃபில்டர் நிறுத்தம். ஏழு மணி, ஃபில்டர் ஓட்டம். கையெழுத்து யாரு? இவங்க வீட்டுக்காரர். எங்களுக்குத் தெரியாம இவங்க ஆளுங்களே பண்ணின வேலை இது."

பக்கம் பக்கமாகப் பெரியப்பாவின் நீலக் கையெழுத்து. என் தம்பி இன்ஹேலரோடு வளர்ந்தவன். அவன் மூச்சுக்குத் தவிக்கும்போது தோளில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு ஓடியவர் பெரியப்பா. ஊர் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. பெரியம்மா மட்டும் அசையவில்லை.

"ஆமாம்மா, அவர் கையெழுத்துதான்" என்றாள் நிதானமாக. "ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில பச்சை மையில ஏதோ இருக்கும். அதையும் கொஞ்சம் படிங்க."

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்தார். "'பார்த்தேன்'னு இருக்கு. ஒரு கையெழுத்தும் இருக்கு."

பெரியம்மா பிளாஸ்டிக் உறையிலிருந்து கடிதத்தை எடுத்து, ரெஜிஸ்டரின் பக்கத்தில் வைத்தாள். அதே பச்சை. அதே வளைவு.

"ஒரு நிமிஷம் கூட நிறுத்தினதில்லன்னு சொன்னீங்களே சார். வாரா வாரம் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சரி, பழசை விடுங்க. என் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆச்சு. இந்தப் பேனல் மேல இருக்கிறது இந்த ஒரு வருஷத்துச் சாம்பல். அவர் எந்திரிச்சு வந்தா அணைச்சிட்டுப் போனார்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பெரிய இன்ஜினியர் ரெஜிஸ்டரை எடுக்கக் கை நீட்டினார். அதிகாரி அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டார். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் நின்றார். பெரியம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து வண்டியைத் தள்ளும்போதுதான் கேட்டேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சாகறதுக்கு மூணு மாசம் முன்னாடி சொன்னார். மூடுபனி விழுந்தா புகை கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரம் போன் வரும், 'நிறுத்து'ன்னு. ஃபில்டருக்குப் போற கரண்ட் மிச்சமானா அந்தாளுக்கு மேலிடத்துல நல்ல பேரு. இவர் நிறுத்துவார், ஒளிக்காம எழுதியும் வைப்பார், அந்தாளு படிக்காமலே அடியில பச்சை மையைக் கிறுக்குவான். என்னைக்காவது எவனாவது படிப்பான்னு."

"ரெஜிஸ்டரை நேரா கேட்டிருக்கலாமே?"

"நான் கேட்டா குடுப்பானா? என் புருஷனை அசிங்கப்படுத்தணும்னா ஓடிப்போய் எடுத்துட்டு வருவான். வந்தான்ல?"

"பெரியப்பா பேரும் போச்சே."

வண்டியை நிறுத்தினாள். "அவர் அணைச்சார். அந்தச் சாம்பலைக் குடிச்சுத்தான் செத்தார். அந்தப் பக்கத்துல அவர் பேரு இருக்கணும். ஆனா அதுக்குக் கீழ இவன் பேரும் இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அவளைப் போல எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தீரவில்லை. பெரியப்பாவின் தோளையும் நீலக் கையெழுத்தையும் ஒரே ஆளாகச் சேர்க்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எழுதி வைத்தவர் அணைக்காமல் இருந்திருக்கலாமே என்று தோன்றும். அந்த அறையில் நான் இருந்திருந்தால் போனை என்ன செய்திருப்பேன் என்றும் தோன்றும்.

நான்கு மாதத்தில் பழைய பாய்லர்கள் இரண்டும் நின்றன. புகைப்பழக்கம் என்ற வரியை ரத்து செய்து புதுக் கடிதம் வந்தது. பெரிய இன்ஜினியரின் நீட்டிப்பும் ரத்தானது, விசாரணை நடக்கிறது. அவர் தன் சொந்த வீட்டுக்குப் போய்விட்டார். நல்ல காற்றுள்ள ஊர், கூரை நிறைய சோலார் என்று தோட்டக்காரர் சொன்னார். அன்று முழுக்கப் பெரியம்மா தள்ளுவண்டியை வெளியே எடுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கிளினிக்கில் அவளைப் பார்த்தேன். நுரையீரலின் பலத்தைப் பார்க்க ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். வருஷக்கணக்கில் நர்ஸ் கெஞ்சியும் ஊதாதவள், தானாகவே போய் வரிசையில் நின்றிருந்தாள். பாய்லர்களை மூடிய பிறகு, கழுவி மாட்டிய கிளினிக் பேனலின் எண் மூன்று மாதத்தில் நூற்றுக்கு ஆறுதான் குறைந்திருக்கிறது என்று சொன்னேன்.

"அப்போ இனிமே எனக்கு எத்தனை வருஷம் கூடும்?"

"சராசரியா பார்த்தா..."

"சராசரியைத் தூக்கிக் குப்பையில போடு. அவனுக்கு அறுபத்து நாலு, எனக்கு ஐம்பத்து மூணு. அவன் செத்த சேதியை நான் கேட்கணும். அதுக்கு எவ்வளவு ஊதணும்னு அவங்களைக் கேட்டுச் சொல்லு."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழாயை நீட்டினாள். பெரியம்மா மூச்சை இழுத்து, கண்ணை இறுக மூடி, ஊதினாள். முள் பாதி தூரம் போய் நின்றது. வாயைத் துடைத்துக்கொண்டு குழாயை மறுபடி கேட்டாள்.