பம்பருக்குப் பின்னால் மூன்று அங்குலக் குழாய்

தண்ணீர் தானாக மேலே ஏறாது என்பதில் குழாய்க்காரருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. இருபத்தாறு வருடத் தொழில். எந்தக் குழாயைப் பதித்தாலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தண்ணீர் ஓட ஒரு பக்கம் சரிவாக வாட்டம் கொடுத்த பிறகுதான் அடுத்த வேலை. விருந்துக்குப் போன வீட்டிலும் குளியலறைத் தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது தேங்கி நின்றால் கட்டியவனைப் பரம்பரையோடு திட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். கைவேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஊர் முழுக்கத் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்த்தவரின் வீட்டில் மட்டும் தண்ணீருக்கு அளவு. மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடம் ஆகிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக்கூடாது. தாகம் தாங்காமல் அவர் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு சமைப்பதைப் பார்த்தால் குழாய்க்காரர் தம் தம்ளரை மறைத்துக்கொள்வார். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று முறை டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு மனைவியின் நாற்காலி. ஏழரை தாண்டினால் காத்திருக்கிற இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள், அன்றைக்கு எப்போது இடம் கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஏற்கெனவே இரண்டு முறை பிந்திவிட்டது. காரணம் கார். பதினேழு வயதான அந்தக் கார் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலுள்ள மேம்பாலத்தில் ஏறும்போது இளைத்துத் தவித்தது. இரண்டாம் கியருக்கு மேல் போகாது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே காதைக் கிழிப்பான். பக்கத்து இருக்கையில் மனைவி கடிகாரத்தைப் பார்ப்பதும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வதும் அவருக்குத் தெரியும். அந்தக் கோபத்தில் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துக் கண்டுபிடித்தார்: எஞ்சின் தன் சூட்டையே மூச்சாக இழுக்கிறது, அதற்கு வெளிக்காற்று வேண்டும். குளிர்ந்த காற்று உள்ளே போனால் இழுவை கூடும்.

இது தம் தொழில் அல்லவா என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஒரு விடுமுறை நாளில் வாசலில் உட்கார்ந்தார். மூன்று அங்குல பிவிசி குழாய், இரண்டு எல்போ, இறுக்க நாலு கிளிப், உதிரிபாகக் கடையில் வாங்கிய கூம்பு ஃபில்டர். எஞ்சினுக்கு மேலாக உட்கார்ந்திருந்த பழைய காற்றுப் பெட்டியைக் கழற்றித் துடைத்துப் பரணில் வைத்தார். காரின் கீழ்ப்பக்கம்தான் குளிர்ச்சி என்று குழாயை இறக்கி, அதன் வாயை முன் பம்பருக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் விட்டார். ஃபில்டர் அங்கே தொங்கியது. கடைசியில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். அருமையான வாட்டம்.

மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தான். மனைவியின் தம்பி அவன்.

"மாமா, வாய் ரொம்பக் கீழ இருக்கே. மழைத் தண்ணியில போனா உள்ள இழுத்துடும்."

"எங்க இழுக்கும்? வாட்டம் பாரு மாப்ள. உள்ள போற தண்ணியும் வெளிய வந்துடும். நான் தண்ணியோட குடும்பம் நடத்துறவன், எனக்கே நீ பாடம் எடுக்கறியா?"

"இல்ல மாமா, எஞ்சின் உறிஞ்சுமே…"

"நீ ஸ்பானர் புடி, நான் பைப் புடிக்கிறேன்."

மெக்கானிக் சிரித்துவிட்டுப் போனான். அக்காவின் புருஷனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை அவனுக்கு. அந்தச் சிரிப்புக்காக அவன் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை. தொட்டித் தண்ணீரை மோட்டார் மொட்டை மாடிக்கு இழுப்பதைத் தினமும் பார்க்கிற மனிதர்தான் குழாய்க்காரர். காரும் உறிஞ்சித்தான் பிழைக்கிறது என்பது ஏனோ அவருக்கு உறைக்கவில்லை.

அடுத்த டயாலிசிஸ் நாளில் மேம்பாலத்தில் கார் மூன்றாம் கியரிலேயே ஏறியது. பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்கு மட்டும் அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் காலடியிலிருந்து நீளமாக ஓர் இழுப்பு.

"யாரோ மூச்சுக்குத் தவிக்கிற மாதிரி இருக்குங்க."

"அது தவிப்பு இல்ல, தெம்பு" என்றார் இவர்.

மழைக்காலம் பிடித்தது. திங்கட்கிழமை பகல் முழுக்க விடாமல் கொட்டியது. சனிக்குப் பிறகு செவ்வாய் வரை நீளும் அந்த இடைவெளியில்தான் உடம்பில் தண்ணீர் அதிகம் சேரும். அன்று மனைவியின் கால்கள் வீங்கிப் பளபளத்தன. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு அவர் சொன்னார்:

"மழை முடியற வரைக்கும் அந்தப் பழைய பெட்டியையே மாட்டிடுங்களேன். தம்பி சொன்னது மனசுல கெடந்து அரிக்குது."

"ஞாயித்துக்கெழம மாட்டிடறேன். போதுமா?"

"மறந்துடாதீங்க."

படுக்க முடியவில்லை என்று மனைவி விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார். செவ்வாய் காலை ஆறேகாலுக்குக் கிளம்பினார்கள். ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம் கூடும், நாற்காலி போய்விடும். முன்னால் ஒரு வேன் இறங்கி, அலையெழுப்பி, அந்தப் பக்கம் ஏறிப் போனது. போன வருடம் இதே அளவுத் தண்ணீரில் இதே கார் போயிருக்கிறது. அப்போது பழைய பெட்டி இருந்தது.

"போயிடலாமா?" என்றார் மனைவி, மூச்சுக்கு நடுவில்.

"ஒரு நிமிஷம்" என்று காரைத் தண்ணீரில் இறக்கினார்.

பாதி தூரத்தில் அந்த இழுப்புச் சத்தம் மாறியது. தம்ளரின் அடியில் மிச்சமிருப்பதை ஸ்ட்ராவால் உறிஞ்சுகிற சத்தம். அடுத்த கணம் எஞ்சினுக்குள் இரும்பில் இரும்பு மோதியது போல ஓர் இடி. கார் நின்றது. அவர் சாவியைத் திருகினார். இன்னொரு இடி. மறுபடியும் திருகினார். அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை. கதவடியில் தண்ணீர் கசிந்து மனைவியின் வீங்கிய பாதங்களைத் தொட்டது.

முழங்காலளவுத் தண்ணீரில் அவரை இரு கையாலும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார். மழையில் எந்த வண்டியும் நிற்கவில்லை. மச்சினனுக்கு போன் போட்டார். அவன் யாருடைய வண்டியையோ எடுத்துக்கொண்டு சுற்றி வந்து சேரும்போது எட்டு. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது ஒன்பது. நாற்காலியில் வேறு ஒருவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அவசரப் பிரிவில் ஆக்சிஜன் முகமூடி மாட்டினார்கள். மெஷின் ஏற்பாடு செய்து அதில் சேர்க்கும்போது பத்தரை. பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"நுரையீரல் முழுக்கத் தண்ணி ஏறிடுச்சு" என்றார் டாக்டர்.

ஏறிடுச்சு என்ற சொல் குழாய்க்காரருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தான்தான் கொன்றோம் என்று அவருக்குத் தெரிந்தது, அதை மாற்றிச் சொல்ல யாராலும் முடியாது என்பதும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்தபோது, இழுத்துவந்து நிறுத்தியிருந்த காரின் பானெட் திறந்திருந்தது. வெள்ளைக் குழாய் துண்டு துண்டாக அறுபட்டு வாசலில் கிடந்தது. பழைய காற்றுப் பெட்டியைத் தூசி தட்டி உட்கார வைத்து, ஒவ்வொரு கிளிப்பாக இறுக்கிக்கொண்டிருந்தார் மாமா.

"மாமா… பிஸ்டன் ராடு எல்லாம் வளைஞ்சு போச்சு. இந்த எஞ்சின் இனிமே ஓடாது."

"தெரியும் மாப்ள" என்றார் அவர், கடைசிக் கிளிப்பை மாட்டியபடி. "உங்கக்காகிட்ட ஞாயித்துக்கெழம மாட்டிடறேன்னு சொல்லியிருந்தேன்."