தூக்கிக் காட்ட முடியாத சொல்

அண்மையில் ஆங்கில ஆசிரியர்களுக்கான ஒரு பட்டறைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சொல்லைப் படிப்பிக்கப் பொருளைத் தூக்கிக் காட்டுவதே சிறந்த முறை என்றார் பேச வந்தவர். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என் வயதில் கோபத்துக்கு மரியாதை கிடையாது. வடையைத் தின்றுவிட்டு வெளியேறினேன்.

அந்த முறையை ஏழு வயதிலேயே பார்த்தவன் நான். சின்னம்மா வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போக இருந்தாள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் கலியாணம். அவளுடைய வீடு அத்திவாரத்தோடு நின்று, உள்ளே ஆமணக்கு முளைத்திருந்தது. தன் சீதனத்தை அவளே உழைத்துவரட்டும் என்று மாமன்மார் கூடித் தீர்மானித்தார்கள். ஒருவருக்கும் வெட்கமில்லை. அவளை யாரும் கேட்கவுமில்லை.

போகுமுன் ஆங்கிலம் பழக வேண்டும் என்றார் ஏஜென்சிக்காரர். வகுப்பு செங்கலடிச் சந்தியில், ஒரு கடையின் பின்னறையில். தேற்றாத்தீவிலிருந்து இரண்டு பஸ். குமர்ப்பிள்ளை தனியே போகக்கூடாதென்று ஆண்துணையாக என்னை அனுப்பினார்கள். கடல் தாண்டித் தனியே போகலாம், செங்கலடிக்குக் கூடாது. அந்த ஆண்துணைக்குக் காற்சட்டைப் பொத்தான் பூட்டிவிட்டதும் அவள்தான்.

படிப்பித்தவர் வெளிநாட்டில் சாரதியாக இருந்து திரும்பியவர். மேசையில் வாளி, வீடு கூட்டும் தும்புத்தடி, இஸ்திரிப்பெட்டி. ஒவ்வொன்றாகத் தூக்குவார், பெண்கள் ஆங்கிலப் பெயரைக் கத்தி, பின்னால் 'யெஸ் மேடம்' சேர்க்க வேண்டும். நானும் கத்தினேன். பசியைத் தூக்கிக் காட்ட முடியாது. காய்ச்சலையும் முடியாது. ஆகவே அவை வகுப்புக்கு வரவேயில்லை.

ஒருநாள் சின்னம்மா எழுந்து நின்றாள்.

“சேர், எனக்கு ஏலாது எண்டு எப்பிடிச் சொல்ற?”

அவர் வாளியைக் கீழே வைத்தார். “ஏலாதெண்டா ஏன் பிள்ளை போறாய்? வீட்ட இருக்கலாமே. அங்க அந்தச் சொல்லு தேவைப்படாது.”

பெண்கள் சிரித்தார்கள். பயந்த சிரிப்பு. அதை வேடிக்கையென்று எண்ணி நானும் சிரித்தேன்.

திரும்பும் வழியில் அவள் வாவியையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது மெதுவாகச் சொன்னாள்: “உங்கட டீச்சரிட்டக் கேட்டுட்டு வா மகன். ஆரிட்டயும் சொல்லிராத.”

முடியாது என்பதற்கு ஆங்கிலம் என்னவென்று டீச்சர் ஒரு நொடியில் சொல்லிவிட்டார். கடைசி வகுப்புக்குப் போன பஸ்ஸில் அதைச் சின்னம்மாவிடம் ஒப்படைத்தேன். வாளியின் பெயரை ஒரே தடவையில் பிடித்தவள், இதைக் கல்லடிப் பாலத்திலிருந்து ஏறாவூர்வரை உதட்டுக்குள்ளேயே வைத்திருந்தாள். சத்தமாகச் சொல்லச் சொன்னேன். முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள். குரல் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றாள்.

“ஐ கெனொட், மேடம்.”

மேடத்தை யார் சேர்க்கச் சொன்னது என்று அதட்டினேன். அவள் மறுபடி சொன்னாள். மேடமும் மறுபடி வந்தது. இவளுக்கு ஆங்கிலம் ஓடாது என்று முடிவுகட்டினேன். அந்தச் சொல்லைத் தமிழில்கூட அவளை ஒருவரும் சொல்லவிட்டதில்லை என்பது எனக்கு அன்று தெரியாது.