அனந்தபூர் அண்ணாவின் வாளி

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமலே எழுந்துபோன நாட்கள் எத்தனையோ. எட்டாம் வகுப்போடு நின்றவன், எனக்கு எழுத்து எங்கே வரும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே ஐம்பது வருடத்தை ஓட்டிவிட்டேன். உண்மைக் காரணம் வேறு. முருகன் படத்துக்கு விளக்கேற்றிக் கண்ணை மூடினால், பல நாள் ஒரு தகர வாளிதான் முன்னால் வந்து நிற்கும்.

அந்த வாளி அனந்தபூர் அண்ணாவுடையது. சென்னையில் நாங்கள் வேலை பார்த்த துணி ஆலை, எழுபதுகளின் தொடக்கத்தில் சாயப் பிரிவிலிருந்து எங்கள் இரண்டு பேரை ஜெர்மனியின் வுப்பர்டாலுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலையும் அமைந்தது, முருகன் அருள். கணவரை இழந்த ஒரு ஜெர்மன் அம்மாவின் வீட்டில், சரிந்த கூரைக்கு அடியில் ஆளுக்கொரு அறை. இருவருக்கும் பொதுவாக நடையில் ஒரு குழாய், அதன் கீழே கைகழுவும் தொட்டி. அண்ணா தெலுங்குக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தமிழைச் சென்னையில் கற்றுக்கொண்டு தெலுங்கு ராகத்தில் பேசுவார். நானோ கும்பகோணத்துப் பக்கம், காவிரிக் கரையில் வளர்ந்தவன்.

காலையில் எழுந்ததும் அண்ணா செய்யும் முதல் வேலை, இருக்கிற பாத்திரத்தையெல்லாம் நிரப்பி வைப்பது. பழுதுபார்க்கத் தண்ணீரை நிறுத்தினார்களோ, குழாயைத் திறந்தபடியே விட்டு அடியில் வாளியை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். தண்ணீர் வந்தால் தகரத்தில் விழுகிற சத்தமே சொல்லிவிடும். அவர் ஊரில் தெருவுக்குத் தெரு அப்படித்தானாம்.

"அண்ணா, கீழே ஆறே ஓடுது. இங்க வாளி எதுக்கு?" என்பேன்.

"ஏமய்யா ஆத்தங்கரைக்காரா! உங்க ஊர்ல தண்ணி தானா வந்து கதவத் தட்டும். எங்க ஊர்ல நாங்க போய்க் கெஞ்சணும்."

அவர் ஊரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் பேசிப் பேசியே கடைவீதி வரை எனக்கு வழி தெரியும். விஜயநகரத்து மந்திரி ஒருவர் ஏரி வெட்டி, தன் மனைவி பேரில் எழுப்பிய ஊர் என்பார். ஏரிக்கரை உடைந்தபோது ஊர் பிழைக்கட்டும் என்று ஒரு வீட்டு மருமகள் உடைப்புக்குள் இறங்கினாளாம். அவளை இன்றும் சாமியாகக் கும்பிடுகிறார்கள். சிவந்த மண், கல்லுக் குன்று, கண்ணுக்கு எட்டியவரை வேர்க்கடலை. வியாபாரி காயைக் காதருகே குலுக்கிப் பார்த்தே விலை சொல்லுவானாம். ஒரு மழை தவறினால் எண்ணெய் ஆலையின் சங்கு ஊதாது. சங்கு ஊதாவிட்டால் துணிக்கடையில் ஆள் இருக்காது, தட்டான் வீட்டில் உலை எரியாது, பக்கத்துத் தர்மாவரத்தில் நெய்த பட்டு மடிப்புக் கலையாமல் கிடக்கும். மழை வேண்டித் தோல்பாவைக் கூத்து வைப்பார்கள். கேழ்வரகுக் களியும் கடலைத் துவையலும் இருந்தால் போதும், அன்றைக்கு ராஜ வாழ்வு. இதையெல்லாம் சொல்லும்போது அவர் குரலில் குறையே இருக்காது.

இரண்டாவது வருடம் என் மனைவியை வரவழைக்க ஏற்பாடு செய்தேன். அதற்கு, குடும்பம் தங்க இடம் உண்டு என்று வீட்டுக்கார அம்மா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். சனிக்கிழமை போடுகிறேன் என்றிருந்தார்.

வியாழக்கிழமை காலை அண்ணா முன்னதாகவே வேலைக்குப் போய்விட்டார். முகம் கழுவக் குழாயைத் திருகினேன். தண்ணீர் இல்லை. தெருவில் குழாய் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை தானாக அந்த வாளியை எடுத்துத் தொட்டிக்குள் வைத்தது. அண்ணாவைக் கேலி செய்த அதே நான், குழாயைத் திறந்தபடியே விட்டேன். அவர் பக்கத்திலேயே காத்திருப்பார். நான் ஷிப்டுக்கு நேரமாயிற்றென்று ஓடிவிட்டேன்.

தண்ணீர் வந்தது. வாளி தொட்டியின் வடிகால் துளையை அடைத்திருந்ததால் தொட்டியும் வழிந்து, தண்ணீர் பலகைத் தரைக்குள் இறங்க, கீழ்த்தளத்தில் அந்த அம்மாவின் கட்டில்மேல் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, அவர் கடைக்குப் போயிருந்தார்.

சாயங்காலம் நாங்கள் வந்தபோது அந்த அம்மா மாடிப்படியில் நின்றிருந்தார். நேராக அண்ணாவைத்தான் பார்த்தார். "இந்த வாளி உங்களுடையதுதானே?"

அண்ணா என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"என்னுடையதுதான்," என்றார் தனக்குத் தெரிந்த ஜெர்மனில். அது பொய்யில்லை.

மாதக் கடைசிக்குள் அண்ணா அறையைக் காலி செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா இறங்கிப் போனார். அறைக்கு வந்ததும், "அண்ணா, இப்பவே போய்ச் சொல்லிடறேன்," என்றேன்.

"சொல்லி? உன் காகிதத்துக்கு யார் கையெழுத்துப் போடுவாங்க? எனக்கென்னய்யா, ஒத்தக் கட்டை. ஊரே பஞ்சத்துக்கு மூட்டை கட்டற ஊர்க்காரன் நான். பேசாம சாப்பிடு."

சாப்பிட்டேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை கையெழுத்து கிடைத்தது. அண்ணா ஆலை விடுதிக்குப் போனார்.

வசந்தத்தில் என் மனைவி வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். தட்டு வைத்துக்கொண்டே அவள், "ஓ, வீட்டையே முக்கினவர் நீங்கதானா?" என்று சிரித்தாள். அவளிடமும் நான் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

"ஆமாம்மா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கப்பல் ஏறி ஊருக்கே போயிருப்பேன். ரசம் போடு," என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்கடுத்த வருடம் ஊருக்குத் திரும்பினார். சில வருடம் கழித்து, அவர் இறந்துபோனதாக அவர் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. அன்றும் நான் மனைவியிடம் உண்மையைச் சொல்லவில்லை. அதைவிடக் கேவலம், வீட்டுக்கு வருகிறவர்களிடம் இந்த வாளிக் கதையைத் தமாஷாகச் சொல்லி வந்தேன்.

போன தைப்பூசத்தன்று, இங்கே ஜெர்மனியிலேயே இருக்கிற ஒரு கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது, முன்னால் ஒரு மாணவர் இன்னொருவருக்கு அதே கதையைச் சொன்னார். "அனந்தபூர் ஆளுங்களுக்குத் தண்ணியக் கண்டா கை சும்மா இருக்காது," என்று முடித்தார். இருவரும் சிரித்தார்கள். என் கதை என்னைவிட்டு எங்கோ போய்விட்டிருந்தது. தட்டோடு வரிசையை விட்டு விலகி, வீட்டுக்கு வந்து முதலில் மனைவியிடம் சொன்னேன். "அந்த மனுஷனுக்கு நான் சிரிச்சுக்கிட்டே ரசம் ஊத்தினேனே," என்றாள்.

படிக்கிற நீங்கள் யாரிடமாவது இதைச் சொல்வீர்கள். தயவுசெய்து சொல்லுங்கள், ஆனால் என்மேல் இரக்கப்பட்டு ஒரு வார்த்தையும் மாற்றாதீர்கள். குழாயைத் திறந்துவிட்டுப் போனவன் காவிரிக் கரைக்காரன்.